மார்கழிச் சென்னையில் கச்சேரியும் கண்காட்சியும்: முதல்முறை வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை சங்கீத சீசன் என்றதும் பலருக்கு மனதில் வருவது பட்டுப்புடவை, முன்வரிசைப் பாஸ், ராகம் பற்றி வாய் ஓயாமல் பேசும் கூட்டம். "அதெல்லாம் தெரிந்தவர்களுக்கு, நமக்கு எதற்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பகல் 2 மணிக்குப் போய்ப் பாருங்கள். சபா, அதாவது கச்சேரி நடத்தும் அமைப்பின் அரங்கு, கதவு திறந்தே இருக்கும், டிக்கெட் கேட்க ஆள் இருக்க மாட்டார், மேடையில் ஓர் இளைஞர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பார், பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். அந்தக் காலி நாற்காலிகளில் உங்களை உட்கார வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். கூடவே, கச்சேரிக்கு வருகிறவர்கள் எட்டிக்கூடப் பார்க்காமல் போகும் ஓவிய, சிற்பக் கூடங்களையும் சேர்த்துச் சொல்கிறேன். காலையில் கண்ணுக்கு, மாலையில் காதுக்கு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒரே பயணத்தில் முடியும்.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

சீசனின் மையம் டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை. நவம்பர் கடைசியிலேயே தொடங்கும் சபாக்களும் உண்டு. ஏன் டிசம்பர் என்றால், 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் நடந்தபோது கூடவே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அகாடமியின் ஆண்டு விழா டிசம்பரில் நிலைத்தது, மற்ற சபாக்களும் அதே மாதத்தில் சேர்ந்துகொண்டன.

உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைப் பொறுத்துத் தேதி மாறும். பாட்டு, வாத்தியம் என்றால் டிசம்பர் மூன்றாவது வாரத்தின் வேலை நாட்கள்தான் என் தேர்வு. 25ஆம் தேதிக்கு அப்புறம் விடுமுறைக் கூட்டமும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் சேர்ந்து மாலை டிக்கெட் கிடைப்பதே கடினமாகிவிடும். நடனம் என்றால் ஜனவரி முதல் வாரம் வாருங்கள், அகாடமியின் நாட்டிய விழா 3ஆம் தேதி வாக்கில் தொடங்கும். பறை, கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து பார்க்க ஆசை என்றால் பொங்கல் வரை பொறுத்திருங்கள், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று நாட்கள் கையில் இருந்தால் போதும். ஒரே நாளில் நாலு சபா ஓடுபவர்களைப் பார்த்து நீங்களும் ஓட வேண்டாம். நாளுக்கு இரண்டு கச்சேரி, அதற்கு மேல் எதுவும் மனதில் தங்காது.

2. நிகழ்ச்சிப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நவம்பர் கடைசிக்குள் ஒவ்வொரு சபாவும் தன் பட்டியலை இணையதளத்தில் போட்டுவிடும். செய்தித்தாள்களிலும் வரும், சபா வாசலில் அச்சடித்த தாளாகவும் கிடைக்கும். முதல் பார்வைக்கு அது வெறும் பெயர்க் கடலாகத் தெரியும். படிக்கும் முறை இதுதான்.

ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது பிரதானக் கலைஞர். அடுத்து வயலின், அதற்கடுத்து மிருதங்கம், இருந்தால் நான்காவதாகக் கடம், கஞ்சிரா அல்லது மோர்சிங் என்ற தாள வாத்தியம். நேரம்தான் படிநிலையைச் சொல்லும். பகல் 12 மணியும் 2 மணியும் வளர்ந்து வருபவர்களுக்கு, 4 மணி பெயர் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, மாலை 6.30 வாக்கில் தொடங்குவது மூத்த வித்வான்களுக்கு. சபாவுக்குச் சபா அரை மணி முன்பின் இருக்கும்.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, பக்கவாத்தியக்காரர்களின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்ல வழி. பகல் கச்சேரியில் பாடுபவர் புதியவராக இருந்தாலும், வயலினிலோ மிருதங்கத்திலோ அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கச்சேரி நிச்சயம் சோடைபோகாது. இரண்டு, ஒரே கலைஞர் ஒரே சீசனில் ஐந்தாறு சபாக்களில் பாடுவார். ஓரிடத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றால் மனம் உடைய வேண்டாம். நாலு நாள் கழித்து இன்னொரு சபாவில் அவரே, பெரும்பாலும் வேறு பாட்டுகளோடு, குறைந்த கட்டணத்தில் கிடைப்பார்.

3. தங்குமிடம்: மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி சபா, பாரதிய வித்யா பவன், லஸ் பகுதியில் உள்ள ராகசுதா அரங்கம் எல்லாம் நடக்கும் தூரத்தில். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஆட்டோ தூரத்தில். தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மஹாலும். பறக்கும் ரயிலில் வந்தால் திருமயிலை நிலையத்தில் இறங்குங்கள்.

மயிலாப்பூரில் தங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. விடிவதற்கு முன் எழுந்து கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளுக்குப் போனால் மார்கழி பஜனைக் கோஷ்டி பாடிக்கொண்டு வரும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் தலைமை தாங்கி நடத்திய வழக்கம் அது. ஒலிபெருக்கி, மேடை எதுவும் இல்லாமல், கோலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தபடி பாடுவார்கள். நீங்களும் பின்னால் நடக்கலாம். யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள்.

4. இலவசக் கச்சேரியிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான சபாக்களில் காலைக் கச்சேரிக்கும் பகல் கச்சேரிக்கும் கட்டணம் கிடையாது. பாரதிய வித்யா பவனில் பல மாலைக் கச்சேரிகளே இலவசம். மியூசிக் அகாடமியில் காலை 8 மணி வாக்கில் நடக்கும் செயல்முறை விளக்க உரைகளுக்கும் யார் வேண்டுமானாலும் போகலாம். அந்த ஆண்டு அகாடமியின் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்வானவர் அங்கே தலைமை வகித்து உட்கார்ந்திருப்பார். பேச்சு கொஞ்சம் கனமாக இருக்கலாம். ஆனால் ஒரு பெரிய வித்வான் கச்சேரி மேடையை விட்டு இறங்கி, ஒரு ராகத்தை எப்படி அணுகுகிறேன் என்று பாடிக்காட்டி விளக்குவதை வேறு எங்கும் இவ்வளவு எளிதாகக் கேட்க முடியாது.

முதல்முறை வருபவர்களுக்குப் பகல் கச்சேரிதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் கட்டணம் மட்டும் இல்லை. அரங்கில் ஆள் குறைவு என்பதால் முதல் மூன்று வரிசைக்குள் உட்காரலாம். மாலையில் அந்த இடத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும் விஷயங்கள் நிறைய. கச்சேரிக்குக் கால் மணி முன்னாலேயே போய்விடுங்கள். மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து 'தொப்பி' எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவில் வட்டமாக அப்புவார். அந்த ரவை ஒட்டியதும் அதுவரை வறண்டிருந்த சத்தம் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் 'தொம்' என்று இறங்கும். அப்புறம் வலப்பக்க விளிம்பில் கல்லை வைத்துத் தட்டித் தட்டி, தம்புராவின் ஷட்ஜத்தோடு, அதாவது 'ச' ஸ்வரத்தோடு, சேரும் வரை காதைச் சாய்த்துக் கேட்பார். கஞ்சிராக்காரர் தோலில் நீர் தடவி, தட்டிப் பார்த்து, மறுபடி தடவுவார். இவ்வளவும் நடந்த பிறகு எழும் முதல் ஸ்வரம் உங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகல் மேடையில் உட்காருபவருக்கு அது பல வருட உழைப்பின் வாய்ப்பு. எதிரே பத்துப் பேர் இருப்பதற்கும் ஐம்பது பேர் இருப்பதற்கும் அவர்களின் குரலிலேயே வித்தியாசம் தெரியும். நீங்கள் ஒருவர் போய் உட்காருவது உண்மையாகவே அவர்களுக்கு உதவி.

5. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட்

பெரிய சபாக்களில் நல்ல இருக்கைகள் உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் போய்விடும். மீதி இருப்பது அன்றாட டிக்கெட். இப்போது பல சபாக்கள் இணையத்தில் விற்கின்றன. விற்பனை திறக்கும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலையிலேயே கவுன்ட்டரில் நேரில் கேட்பது நல்லது.

மாடி இருக்கைகளை ஏளனமாக நினைக்க வேண்டாம். பல அரங்குகளில் மாடியின் முன்வரிசையில் ஒலி தெளிவாகவே வருகிறது, விலையும் குறைவு. ஏதாவது ஒரு மூத்த கலைஞரின் கச்சேரிக்கு மட்டும் காசு செலவழியுங்கள், மற்றதெல்லாம் இலவசத்தில் பாருங்கள் என்பதே என் கணக்கு.

அண்ணாமலை மன்றத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மயிலாப்பூரைச் சுற்றி வருபவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். பாரிமுனையில், உயர்நீதிமன்றத்துக்கு அருகே இருக்கிறது. மேடைகளில் தமிழ்ப் பாட்டுகள் கச்சேரியின் கடைசியில் துக்கடா எனும் சின்ன உருப்படியாக மட்டும் பாடப்பட்டு வந்த காலத்தில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தொடங்கியது தமிழ் இசைச் சங்கம். அதன் அரங்கம்தான் ராஜா அண்ணாமலை மன்றம். டிசம்பர் கடைசியில் நடக்கும் அதன் விழாவில் தமிழ்ப் பாட்டுகளுக்கே முதலிடம், பழந்தமிழ் ராகங்களான பண்களை ஆராயும் கூட்டமும் உண்டு. பாட்டின் சொல் புரிய வேண்டும், புரிந்தால்தான் ரசிக்க முடியும் என்று நினைப்பவர்கள் நேராக அங்கே போங்கள். தேவாரப் பண்ணைக் கோயிலில் பாடும் ஓதுவார் ஒருவர் பாடக் கேட்பது, மாலைக் கச்சேரிகளிலிருந்து முற்றிலும் வேறான அனுபவம்.

6. அரங்குக்குள் என்ன நடக்கிறது

மாலைக் கச்சேரி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இப்போது எல்லோரும் பின்பற்றும் கச்சேரி அமைப்புக்கு வடிவம் கொடுத்தவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். வர்ணம் என்ற தொடக்க உருப்படியில் தொடங்கும், அதன் பின் வேகமான சின்னக் கீர்த்தனைகள் வரும். நடுவில் ஒரு ராகத்தைச் சொல்லே இல்லாமல், தாளமும் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பார்கள். அதுதான் ஆலாபனை. பாடுபவர் முடித்ததும் வயலின் அதே ராகத்தைத் தன் வழியில் வாசிக்கும். அதற்குப் பிறகு பாட்டு. பாட்டின் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வெவ்வேறு விதமாகப் பாடினால் நிரவல். ச ரி க ம என்று ஸ்வரங்களாகவே பாய்ந்தால் கல்பனாஸ்வரம். பிரதானப் பாட்டின் முடிவில் பாடகர் அமைதியாகிவிட, மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பது தனி ஆவர்த்தனம். கடைசியில் சின்னச் சின்னத் துக்கடாக்கள், முடிவு வாழ்த்தாக மங்களம்.

இதில் ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. முதல் கச்சேரியில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: ஆலாபனையில் பாடகர் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறார், அங்கிருந்து எப்போது மேலே ஏறத் துணிகிறார் என்று மட்டும் கேளுங்கள். நிரவல் வந்ததும், திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு வரி ஒவ்வொரு முறையும் எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். தாளம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. முன்வரிசையில் தொடையில் தட்டுபவர்களைப் பார்த்தாலே கொஞ்ச நேரத்தில் உங்கள் கையும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே கேட்கும் பெரியவர் யாராவது இருப்பார். பாட்டு முடிந்ததும், "மாமா, இது என்ன ராகம்?" என்று கேளுங்கள். ராகம், இயற்றியவர், அதே பாட்டை முன்பு யார் எப்படிப் பாடினார் என்று எல்லாம் சொல்வார். ஆனால் பாட்டு நடக்கும்போது கேட்காதீர்கள்.

மரியாதை என்று பார்த்தால் சில விஷயங்கள்தான். கைபேசியை அமைதியில் போடுங்கள், பதிவு செய்யாதீர்கள். எழுந்து போக வேண்டுமென்றால் இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் போங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள். மிருதங்கக்காரருக்குக் கச்சேரி முழுவதிலும் தனக்கென்று கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான். அந்த நேரம் பார்த்து நாற்காலிகள் படபடவென்று மடங்கும் சத்தத்தைக் கேட்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கையில் ஒரு சால்வை இருக்கட்டும். பெரிய அரங்குகளில் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையும் டிசம்பரில் முழுசாக விடைபெற்றிருக்காது, குடையும் தேவை.

7. கேன்டீன்

கச்சேரிக்கு டிக்கெட் இல்லாமலேயே சபா கேன்டீனில் சாப்பிடலாம், நகரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். மதியம் வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் ரவா தோசை, கீரை வடை, அசோகா அல்வா, நல்ல ஃபில்டர் காபி. டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். மாலைக் கச்சேரிக்கு முந்தைய அரை மணி நேரத்தில் போகாதீர்கள், காபி கைக்கு வருவதற்குள் வர்ணம் முடிந்திருக்கும்.

8. காலை நேரத்தைக் கண்காட்சிகளுக்குக் கொடுங்கள்

இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு காலை முழுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒதுக்குங்கள். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் வரும். 1966இல், சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. படித்து முடித்த ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடக் கூடாது என்பதுதான் யோசனை. பாத்திக் துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்ற பணத்தில் மணல்காட்டை வாங்கினார்கள். கைத்தொழிலில் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் யாருக்கும் பணியாமல் ஓவியம் வரைந்தார்கள். கலைஞர்கள் தங்கள் உழைப்பிலேயே கட்டி எழுப்பிய ஊர் இது.

உள்ளே 'மெட்ராஸ் கலை இயக்கம்' என்று அழைக்கப்படும் தலைமுறையின் படைப்புகளுக்கென்றே ஒரு காட்சியகம் உண்டு. பணிக்கரின் பிற்காலப் படங்களில் ஜாதகக் கட்டம் போலவும் ஏட்டுச்சுவடி போலவும் எழுத்துகள் நிறைந்திருக்கும். படிக்கப் பார்த்தால் எந்த மொழியும் இல்லை, ஆனாலும் நம் ஊர்ச் சுவடி என்றே தோன்றும். ஓவியர் கே. ராமானுஜத்தின் படங்கள் இருந்தால் அவசரப்படாதீர்கள். தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன், மாளிகைகள், விலங்குகள், பேனா மையின் மெல்லிய கோடுகளால் நிரப்பப்பட்ட கனவு நகரம். தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் இருட்டாகத் தெரியும், மூக்கு தொடும் தூரம் போனால்தான் ஒவ்வொரு ஜன்னலும் திறக்கும். வெளியே மரத்தடியில் கல், உலோகச் சிற்பங்கள் இருக்கும். தனியாக இரண்டு வாடகைக் கூடங்கள் உண்டு, அவற்றில் புதிய ஓவியர்களின் கண்காட்சிகள் மாறி மாறி நடக்கும். ஓவியர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் தயங்காமல் பேசுங்கள்.

அங்கிருந்து அதே சாலையில் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996இல் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூண்களைத் தொட்டுவிட்டு, கேரளத்து மரவீட்டின் தாழ்ந்த கூரைக்குள் குனிந்து நுழையும்போது, எந்த மண்ணில் மழை அதிகம் என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். மண்பானை வனைவதை நீங்களே செய்து பார்க்கலாம். குழந்தைகளோடு வருபவர்கள் சோழமண்டலத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு இங்கே அதிக நேரம் இருங்கள். உள்ளேயே கண்காட்சிக் கூடங்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

இன்னொரு காலை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு. இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கேதான் இருக்கிறார்கள். அர்த்தநாரீசுவரரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே நின்று பாருங்கள். ஒரே இடுப்பு, இரண்டு விதமான வளைவு. சாயங்காலம் நாட்டியம் பார்க்கும் திட்டம் இருந்தால் காலையில் இதைப் பார்த்துவிட்டுப் போவது பெரிய வித்தியாசத்தைத் தரும். ஆடுபவர் உடல் எடையை ஒரு காலுக்கு மாற்றும் இடமெல்லாம் கண்ணில் படும்.

நேரம் மிச்சமிருந்தால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி. தனிநபர், குழுக் கண்காட்சிகள் வாரக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும், அனுமதி இலவசம். திருவான்மியூர்ப் பக்கம் இருப்பவர்கள், 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திராவை விட வேண்டாம். கேரளக் கோயில்களின் நாடக அரங்கான கூத்தம்பலத்தை மனதில் வைத்துக் கட்டிய அரங்கில் டிசம்பர் கடைசி வாக்கில் அவர்களின் விழாவும் நடக்கும்.

9. ஒரு நாளை இப்படி அமைக்கலாம்

காலை 9.30க்கு எழும்பூர் வெண்கலக் கூடம். 11.30க்குக் கிளம்பி ஏதாவது ஒரு சபா கேன்டீனில் இலைச் சாப்பாடு. 2 மணிக் கச்சேரியை அங்கேயே முழுதாகக் கேளுங்கள். அறைக்குப் போய்க் கட்டாயம் ஒரு மணி நேரம் படுங்கள், தூங்காவிட்டாலும் பரவாயில்லை, காது ஓய வேண்டும். 5.30க்கு டிபன், 6.30க்கு மாலைக் கச்சேரி. திரும்பும்போது இரவு 9.30 ஆகும். சபா வாசலில் அந்த நேரத்தில் ஆட்டோ பிடிப்பது சிரமம், பத்து நிமிடம் நடந்து பிரதான சாலைக்கு வந்து செயலியில் அழையுங்கள்.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் பகல் கச்சேரியை விட்டுவிடுங்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஆலாபனையில் கண் அயர்வது யாருக்கும் நல்லதில்லை.

10. சீசன் முடிந்த பிறகு

பொங்கலையொட்டித் தமிழ்நாடு அரசின் 'சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா' நடக்கும். 2007இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023இல் மறுபடி உயிர்பெற்றது. பூங்காக்களிலும் மைதானங்களிலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆடுவார்கள், அனுமதி இலவசம். நின்று பார்ப்பதுதான் என்பதால் சீக்கிரம் போனவர்களுக்கே முன்னிடம். பறையடிப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் தோலை நெருப்பில் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நிகழ்ச்சி நேரத்துக்கு முன்பே மேடைக்குப் பின்பக்கம் போங்கள். ஜனவரியில் புத்தகக் கண்காட்சியும் சேர்ந்து வரும், இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம்.

டிசம்பரில் வர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சபாக்கள் வருடம் முழுவதும் நிகழ்ச்சி நடத்துகின்றன. ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு வாரநாள் மாலை போனால் விரும்பிய இருக்கையில் உட்காரலாம். நீங்கள் வரும் தேதிகளில் என்ன இருக்கிறது என்று சபாவின் இணையதளத்தைப் பார்த்து, ஒரு முறை தொலைபேசியிலும் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள், கடைசி நேரத்தில் நேரம் மாறுவது அங்கே சகஜம்.